முப்பதின்மர் இருந்த மன்றம்



கொழும்புக் கோட்டையிலே, கோர்டன் பூங்காவின் அருகே, உயர்ந்த தூண்களுடன் பழைய கட்டடம் ஒன்று நிற்கின்றது. குடியரசுக் கட்டடம் என்று அதற்கு இன்று பெயர். வெளிநாட்டமைச்சு அங்கே இயங்குகின்றது. கடவைச் சீட்டுப் பத்திரங்களுக்கு அத்தாட்சி பெறவும் வேறு அலுவல்களுக்காகவும் அவ்வழியே சென்றோர் பலர் இருப்பர். அவர்களுள், ஒரு காலத்தில் இந்நாட்டின் சட்டங்கள் அனைத்தும் இக்கட்டடத்தின் வாயிலைக் கடந்தே நடைமுறைக்கு வந்தன என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. 1947 ஆம் ஆண்டு முதல் 1971 ஆம் ஆண்டு வரை இலங்கைப் பாராளுமன்றத்தின் இரண்டாம் மன்றமாகிய மூதவை இங்கேதான் கூடிற்று. செனற் சபை என்றும் அதனை வழங்கினர். முதலாம் மன்றமாகிய பிரதிநிதிகள் சபை, நடந்து செல்லக்கூடிய தூரத்தில், காலிமுகத்திடலின் ஓரத்தில் கடலை நோக்கி நிற்கும் மண்டபத்தில் கூடிற்று.

குடியியற் பாடம் படிப்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியைத் தப்பாமல் எதிர்கொள்வர். “மக்கள் தெரிந்தெடுத்த சபை ஒன்று தீர்மானித்துவிட்டதென்றால், அதனை இன்னொரு சபை மறுபடியும் ஏன் ஆராய வேண்டும்?” என்று பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்பான். அக்கேள்வி எளிதன்று. அரசியல் அறிஞர் பலரும் அதனையே பல விதமாகக் கேட்டுள்ளனர். இன்றைய பேச்சிலே அதற்கு விடை காண முயல்வோம். நம் நாட்டு மூதவையின் இருபத்துநான்கு ஆண்டு வரலாற்றையே அதற்குச் சான்றாகக் கொள்வோம்.

இரு மன்ற முறை உலகில் ஒரே காரணத்தால் தோன்றியதன்று. இங்கிலாந்திலே அது சமூகப் பிரிவின் விளைவு. பிரபுக்களும் உயர்குருமாரும் ஒரு சபையிலும், நாட்டுப்புறத்தினதும் நகரங்களினதும் பிரதிநிதிகள் வேறொரு சபையிலும் அமர்ந்தனர். காலம் செல்லச் செல்ல அதிகாரம் பின்னவரிடம் சென்றது. 1911 ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டம், பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் தடுத்து வைக்கும் அதிகாரத்தைப் பிரபுக்கள் சபையிடமிருந்து பறித்தது. ஏனைய மசோதாக்களை ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதிக்கும் உரிமையை மட்டும் விட்டுவைத்தது. 1949 இல் அவ்விரண்டு ஆண்டும் ஒன்றாகக் குறைந்தது.

அமெரிக்காவிலே காரணம் வேறு. 1787 இல் பிலடெல்பியாவிற் கூடியோர், பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் இடையே எழுந்த பிணக்கைத் தீர்க்க ஒரு சமரசம் கண்டனர். ஒரு சபையில் குடித்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதிகள் இருப்பர்; மற்றச் சபையில் மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும் இருவரே இருப்பர். அச்செனற் சபை எந்தச் சட்டத்தையும் நிராகரித்து நிறுத்திவிடலாம். கூட்டாட்சியில் இணைந்த சிறிய மாநிலத்துக்கு அதுவே அரண்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். ஓர் இரண்டாம் மன்றத்தை எடைபோட விரும்புபவன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அதன் அங்கத்தவரை அனுப்புவோர் யாவர்? அது வேண்டாமென்றால் எதனை, எவ்வளவு காலத்துக்கு நிறுத்த முடியும்? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் அந்த மன்றம் உண்மையான காவலா, அன்றி வெறும் அலங்காரமா என்பது தெரிந்துவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1833 இல் கோல்புறூக், கமரன் ஆகியோரின் சிபார்சின்படி முதலாவது சட்டசபை அமைந்தது. அச்சபையில் உத்தியோகப்பற்றற்றோர் அறுவரே. பின்வந்த சீர்திருத்தங்களால் அது விரிந்ததேயன்றி இரண்டாகப் பிரியவில்லை. 1931 இல் டொனமூர்த் திட்டம் சர்வசன வாக்குரிமையையும் அரசாங்க சபையையும் தந்தபோதும் சபை ஒன்றே இருந்தது. ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து சட்டம் இயற்றுதலையும் நிர்வாகத்தையும் அதுவே கவனித்தது.

இரண்டாம் மன்றம் என்னும் எண்ணத்துக்கு உருக்கொடுத்தவர் சோல்பரிப் பிரபுவின் தலைமையில் 1944 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த ஆணைக்குழுவினர். அவர்கள் முன்னிலையிலேதான் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் ஐம்பதுக்கு ஐம்பது என்னும் சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையை வாதாடினார். அக்கோரிக்கையை ஆணைக்குழு ஏற்கவில்லை. சிறுபான்மையோருக்குப் பாதுகாப்பாக வேறு ஏற்பாடுகளை நாடியது. ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் தீங்கோ சலுகையோ விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்ற தடை அவற்றுள் ஒன்று. அதுவே பின்னர் அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவாயிற்று. 1945 இல் வெளிவந்த அறிக்கையில் மூதவையும் இடம்பெற்றது. அவசரத்தில் இயற்றப்படும் சட்டங்களைச் சற்றே தாமதிக்கச் செய்வதும், தேர்தற் களத்தின் ஆரவாரத்தை விரும்பாத அறிவும் அனுபவமும் உள்ளோரை நாட்டுப்பணிக்கு அழைப்பதும் அதன் நோக்கங்கள். சிறுபான்மையோருக்கும் அது ஒரு கேடயமாகும் என்ற எதிர்பார்ப்பு அக்காலத்திற் பலரிடம் இருந்தது. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதே இப்பேச்சின் முக்கிய வினா.

மூதவையின் அமைப்பைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். அங்கத்தவர் தொகை 30. அவருள் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. எஞ்சிய 15 பேரைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். நியமனம் பெறுவோர் பொதுச்சேவையிலோ, சட்டம், வைத்தியம், கல்வி, விவசாயம், வர்த்தகம் முதலிய துறைகளிலோ சிறப்புற்றோராயிருத்தல் வேண்டுமென்பது விதி. மூதவைக்கு வருபவர் 35 வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும். பதவிக்காலம் ஆறு ஆண்டு. எனினும் எல்லோரும் ஒருங்கே விலகுவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலக, அவ்விடங்களுக்குப் புதியோர் வருவர். பிரதிநிதிகள் சபை கலைக்கப்படும், மூதவை கலைக்கப்படுவதில்லை. ஆற்றில் நீர் மாறிக்கொண்டேயிருக்க ஆறு நிலைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது. கூட்டம் நடைபெற ஆறு பேர் சமுகமளித்தாற் போதும்.

பதினைந்து பேரைப் பிரதிநிதிகள் சபை எவ்வாறு தெரிந்தெடுத்தது? விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில், மாற்றத்தக்க ஒற்றை வாக்கினாலே தெரிந்தெடுத்தது. அபேட்சகரின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை ஒவ்வொருவரும் இடுவர். ஒரு குறிப்பிட்ட தொகை வாக்கைப் பெற்றவர் தெரிவாவார். அவருக்கு மிகையாக விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குச் செல்லும். அக்குறிப்பிட்ட தொகை எவ்வளவு? இம்முறையின் பொதுக் கணக்கு இதுதான்: வாக்காளர் தொகையை, நிரப்பவேண்டிய இடங்களோடு ஒன்றைக் கூட்டிவந்த எண்ணாற் பிரித்து, ஈவோடு ஒன்றைக் கூட்டுதல் வேண்டும்.

1947 இல் பிரதிநிதிகள் சபையில் இருந்தோர் 101 பேர். 95 பேர் தேர்தலால் வந்தவர். 6 பேர் நியமனம் பெற்றவர். ஒரே முறையில் 15 மூதவையினரைத் தெரிவதாயின் 101 ஐ 16 ஆற் பிரிக்க 6 வரும். மிச்சத்தை விட்டு ஒன்றைக் கூட்ட 7. ஆகவே ஏழு பேர் ஒன்றுபட்டால் ஒருவரை அனுப்பலாம். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே தமிழ்க் காங்கிரஸ் பெற்ற ஆசனங்களும் ஏழே. ஆரம்பத்திலே இவ்வேற்பாடு சிறு கட்சிகளுக்கு நன்மையாயிருந்ததென்பதை இது காட்டும்.

ஆனால் அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியவை ஐந்து இடங்களே. 101 ஐ 6 ஆற் பிரித்து ஒன்றைக் கூட்டினால் 17 ஆகும். 1960 இல் பிரதிநிதிகள் சபை 157 பேருக்கு விரிந்த பின்னர் அத்தொகை 27 ஆயிற்று. 1956 ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி பெற்ற இடங்கள் 10. 1960 ஆம் ஆண்டு ஜூலைத் தேர்தலில் பெற்றவை 16. தன் வாக்குகளை மட்டும் கொண்டு ஒருவரையேனும் மூதவைக்கு அனுப்ப அக்கட்சியால் இயலாதென்பதை இவ்வெண்களே உரைக்கின்றன. வேறு கட்சியின் தயவை நாடவேண்டியிருந்தது. சிறுபான்மையோரைக் காக்கும் என நம்பப்பட்ட மன்றத்தின் வாயிலிலே, சிறுபான்மைக் கட்சி நுழைய முடியாத உயரத்திற் படி அமைந்துவிட்டது. எவரும் வேண்டுமென்று இவ்வாறு செய்தனர் என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கு அவ்வாறு அமைந்தது.

இனி ஒரு மசோதாவின் பயணத்தைக் காண்போம். பிரதிநிதிகள் சபையில் அது மூன்று வாசிப்புகளைக் கடந்து நிறைவேறும். முதலாம் வாசிப்பில் சமர்ப்பிக்கப்படும்; இரண்டாம் வாசிப்பில் அதன் கொள்கை விவாதிக்கப்படும்; குழுநிலையில் பிரிவு பிரிவாக ஆராயப்படும்; மூன்றாம் வாசிப்பில் முடிவாகும். பின்னர் அது மூதவைக்கு அனுப்பப்படும். அங்கும் அதே படிகளைக் கடக்க வேண்டும். மூதவை திருத்தம் செய்தால் மசோதா திரும்பிச் செல்லும். பிரதிநிதிகள் சபை அத்திருத்தத்தை ஏற்கலாம், தள்ளலாம். இரு மன்றங்களும் உடன்பட்டபின் மகாதேசாதிபதி முடியின் பேரால் அங்கீகாரம் அளிப்பார். அப்பொழுதே அது சட்டமாகும்.

உடன்படாவிட்டால் என் செய்வது? இந்தியாவில் போல இரு மன்றங்களும் கூடியிருந்து வாக்கெடுக்கும் வழி நம் அரசியலமைப்பில் இல்லை. பண மசோதா மூதவையில் தொடங்கலாகாது. அதனை மூதவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஏனைய மசோதாவாயின், பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்து இரண்டு கூட்டத்தொடர்களில் அதனை நிறைவேற்றினால், மூதவையின் சம்மதமின்றியே அது அங்கீகாரத்துக்குச் செல்லலாம். எனவே மூதவையிடம் இருந்தது பூட்டன்று, தாழ்ப்பாள் மட்டுமே. காத்திருக்க மனமுள்ளவன் அதனை விலக்கிவிடுவான்.

அரசாங்கத்தை ஆக்கவும் அழிக்கவும் மூதவைக்கு வலுவில்லை. அவ்வலு பிரதிநிதிகள் சபையினுடையது. இதற்கு நம் வரலாற்றில் ஓர் அரிய உதாரணம் உண்டு. 1960 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆந் திகதி ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதம மந்திரியாகப் பதவியேற்றார். உலகில் அப்பதவியை ஏற்ற முதற் பெண்மணி அவரே. அவர் பொதுத்தேர்தலிற் போட்டியிட்டவரல்லர். மந்திரியாவோர் நான்கு மாதத்துக்குள் இரு மன்றங்களில் ஒன்றில் இடம்பெற வேண்டுமென்பது விதியாதலால், மூதவையில் அங்கத்துவம் பெற்றே நாட்டை ஆண்டார். 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 3 ஆந் திகதி, சிம்மாசனப் பிரசங்கம் மீதான வாக்கெடுப்பில், 73 க்கு 74 என்ற கணக்கில், ஒரேயொரு வாக்கினால் அவருடைய அரசாங்கம் பிரதிநிதிகள் சபையில் தோற்றது. பிரதம மந்திரிக்கு அச்சபையில் வாக்கில்லை. இரண்டாம் மன்றத்தில் இருந்துகொண்டு நாட்டின் உச்சப் பதவியை வகிக்கலாம். ஆனால் அப்பதவியின் உயிர் முதலாம் மன்றத்தின் கையில் இருக்கும் என்பதை இதனினும் தெளிவாக விளக்கவல்ல பாடநூல் வேறில்லை.

மூதவை பயனற்றதாய் இருந்ததென்று கூறிவிடலாகாது. மந்திரிசபையில் குறைந்தது இருவர் மூதவையினராதல் வேண்டும், அவருள் ஒருவர் நீதி மந்திரியாதல் வேண்டும் என்று அரசியலமைப்பு விதித்தது. அதற்கமைய முதலாவது நீதி மந்திரியாக ஸேர் லலித ராஜபக்ஷ அங்கிருந்து வந்தார். நீதியைப் பரிபாலிப்பவர் தொகுதி அரசியலின் நெருக்கடியிலிருந்து சற்று விலகியிருத்தல் நன்றென்ற எண்ணம் மெச்சத்தக்கது. 1931 இல் அரசாங்க சபையின் முதற் பெண் அங்கத்தவராய் வந்த அடலின் மொலமூரே அம்மையார் பின்னர் மூதவையிலும் பணியாற்றினார். சிறந்த வழக்கறிஞரான எஸ். நடேசன் அவர்கள் நெடுங்காலம் அங்கே இருந்து குடியுரிமைகளுக்காக அஞ்சாது குரல் கொடுத்தார். திருக்கேதீச்சரத் திருப்பணியோடு என்றும் நினைக்கப்படும் ஸேர் கந்தையா வைத்தியநாதன் மூதவை வழியாகவே மந்திரிசபையில் இடம்பெற்றார்.

இங்கே இன்னொரு நிகழ்ச்சியையும் குறிப்பிடுதல் பொருந்தும். 1965 இல் டட்லி சேனநாயக்கா அமைத்த தேசிய அரசாங்கத்துக்குத் தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது. அக்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் எவரும் மந்திரிப் பதவியை ஏற்கவில்லை. ஆனால் இராணி வழக்கறிஞர் மு. திருச்செல்வம் அவர்கள் மூதவைக்கு நியமனம் பெற்று உள்ளூராட்சி மந்திரியானார். மாவட்ட சபைகளை அமைக்கும் முயற்சியே அவர்மேற் கிடந்த பெரும் பாரம். 1968 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், திருகோணமலைக் கோணேசர் கோயிற் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் நியமித்த குழுவின் பணி பிரதம மந்திரியால் நிறுத்தப்பட, அவர் பதவி துறந்தார். தமிழரசுக் கட்சி மந்திரிசபைக்குட் புகுந்த வாயில் மூதவையே. வாயில் கிடைத்தது; உள்ளே நிற்க நிலம் கிடைக்கவில்லை.

இப்பொழுது நாம் முதலிற் கேட்ட வினாவுக்கு வருவோம். மூதவை கேடயமாயிற்றா? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இந்திய வமிசாவளியினரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்கையும் பறித்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் மண் வெட்டியும் இந்நாட்டின் வருவாயைப் பெருக்கிய மக்களின் தலைவிதி அவ்வாறு எழுதப்பட்டபோது, அச்சட்டங்கள் மூதவையைக் கடந்தே சென்றன.

1956 ஆம் ஆண்டை நினையுங்கள். ஜூன் 5 ஆந் திகதி அரசகரும மொழி மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. சபைக்கு வெளியே, காலிமுகத்திடலில், தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தனர், தாக்குண்டனர். ஜூன் நடுப்பகுதியில் மசோதா அங்கே நிறைவேறியது. ஜூலை 7 ஆந் திகதி அங்கீகாரம் பெற்று 33 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. இடையிலிருந்த ஏறக்குறைய மூன்று வாரத்துள் மூதவையின் விவாதமும் முடிந்தது. எதிர்த்துப் பேசியோர் அங்கும் இருந்தனர். ஆயினும், அவசரச் சட்டத்தைத் தாமதிக்கச் செய்வதற்கென அமைந்த மன்றம், ஒரு தலைமுறையின் வாழ்வையே மாற்றிய சட்டத்தை ஒரு கூட்டத்தொடரளவேனும் தாமதிக்கவில்லை.

ஏன்? அங்கிருந்தோர் அறிவிற் குறைந்தோர் என்பதனாலன்று. வேர் வேறில்லாததே காரணம். பாதிப்பேரைப் பிரதிநிதிகள் சபை அனுப்பியது. பாதிப்பேரை அச்சபையின் பெரும்பான்மைத் தலைவராகிய பிரதம மந்திரி தெரிந்தார். முதலாம் மன்றத்தின் நிழலே இரண்டாம் மன்றமாயிற்று. நிழல் உருவத்தைத் தடுக்குமா? இந்நிழலிலும் ஒரு கோளாறு இருந்தது. ஆட்சி மாறியபின்னும் முந்திய ஆட்சியாளரின் நியமனத்தினர் ஆறு ஆண்டு நிறையும்வரை இருப்பர். ஆகவே புதிய அரசாங்கத்துக்கு மூதவை எரிச்சலாயிற்று. சிறுபான்மையோருக்கோ அது துணையாகவில்லை. தன்னை வெறுக்க ஒருவருக்குக் காரணம் தந்து, தன்னைக் காக்க வேறெவருக்கும் காரணம் தராத நிறுவனம் நெடுநாள் வாழாது.

1970 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய முன்னணி மூன்றிலிரண்டுக்கு மேற்பட்ட பெரும்பான்மையுடன் வென்றது. அரசியலமைப்பைத் திருத்தப் பிரதிநிதிகள் சபையின் மூன்றிலிரண்டு போதும். மூதவையில் விசேட பெரும்பான்மை எதுவும் வேண்டியதில்லை. மூதவை மறுத்தாலும் இரண்டு கூட்டத்தொடரில் அம்மறுப்பைக் கடந்துவிடலாம். தன் உயிரைக் காக்கும் ஆயுதமே அம்மன்றத்திடம் இருக்கவில்லை. அரசியலமைப்பின் எட்டாந் திருத்தத்தினால் 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி மூதவை ஒழிக்கப்பட்டது. முதல்வராக ஸேர் ஜெராட் விஜயக்கோன் தொடக்கிவைத்த மன்றம் ஏ. ரத்நாயக்கா முதல்வராயிருந்த காலத்தில் முடிவுற்றது. தெருவில் இறங்கி அதற்காக அழுதோர் எவருமிலர். 1972 ஆம் ஆண்டு மே 22 ஆந் திகதி குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. தேசிய அரசுப் பேரவை என்னும் ஒற்றை மன்றம் அரசின் அதியுயர் கருவியாயிற்று. 29 ஆம் பிரிவின் பாதுகாப்பும் அதனுடன் மறைந்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் ஒரு மன்றத்தையே வைத்தது.

நம் அயல்நாட்டோடு ஒப்பிட்டால் வேற்றுமை துலங்கும். இந்தியாவின் மாநிலங்களவையும் ஆறு ஆண்டுப் பதவிக்காலமும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகும் முறையும் உடையது. வெளித்தோற்றத்தில் நம் மூதவையைப் போன்றதே. ஆனால் அங்கே நியமனம் பெறுவோர் 12 பேரே. ஏனையோரிற் பெரும்பாலோரை மாநிலச் சட்டசபைகள் அனுப்புகின்றன. டில்லியில் ஒரு கட்சி ஆள, மாநிலத்தில் வேறு கட்சி ஆளுமாயின், மாநிலங்களவையில் வேறு குரல் கேட்கும். சாதாரண மசோதாவில் பிணக்கு நேர்ந்தால் கூட்டுக் கூட்டம் உண்டு. அதுவும் 1961, 1978, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளிலேயே மசோதாக்களுக்காகக் கூட்டப்பட்டது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கோ அந்தக் குறுக்குவழி இல்லை. இரு மன்றங்களும் தனித்தனியே நிறைவேற்றுதல் வேண்டும். 1989 இல் ராஜீவ் காந்தியின் அரசாங்கம் கொண்டுவந்த பஞ்சாயத்துத் திருத்தம் மக்களவையில் வென்றும் மாநிலங்களவையில் வேண்டிய பெரும்பான்மை பெறாது வீழ்ந்தது. பின்னர் 1992 இல் திருந்திய வடிவில் அதே நோக்கம் நிறைவேறிற்று. தாமதம் கேடு விளைக்கவில்லை. மாநிலங்களின் கருத்துக்கு இடங்கொடுத்துச் சட்டம் சீராவதற்கு அது உதவியது. இங்கே வேர் வேறு. ஆகவே நிழலன்று, வேறொரு மரம்.

இந்த வேற்றுமையை நம் நாட்டாரும் உணராமலில்லை. 2017 ஆம் ஆண்டில் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தற் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கையில் மீண்டும் ஓர் இரண்டாம் மன்றம் பற்றிய யோசனை வந்தது. 55 பேர் கொண்ட அம்மன்றத்துக்கு ஒன்பது மாகாண சபைகளும் மாகாணத்துக்கு ஐவராக 45 பேரை அனுப்ப, எஞ்சிய 10 பேரைப் பாராளுமன்றம் தெரிவதென்பது அதன் சாரம். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மாத்தறையும் பதுளையும் தத்தம் மாகாணத்தின் வழியாகச் சம அளவிற் பேசும் மன்றமாக அது எண்ணப்பட்டது. அந்த யோசனை அறிக்கையளவில் நின்றுவிட்டது.

ஆகவே, பின்வாங்கு மாணவனுக்கு நாம் அளிக்கும் விடை இது. முதலாம் மன்றம் சொன்னதையே திருப்பிச் சொல்வதாயின் இரண்டாம் மன்றம் வேண்டியதேயில்லை. அதற்கு ஆகும் செலவை நான்கு பாடசாலைகளுக்குக் கொடுத்தால் நன்று. முதலாம் மன்றத்தில் எண்ணிக்கையால் அடங்கிப்போகும் குரலுக்கு அங்கே இடம் உண்டாகுமாயின், அக்குரல் ஒரு முடிவைச் சில காலமேனும் நிறுத்தி வைக்க வல்லதாயின், அது வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. 1949 இலும் 1956 இலும் ஓராண்டு நின்று எண்ணியிருந்தால் இத்தீவின் வரலாறு வேறு வழியிற் சென்றிருக்குமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நின்று எண்ணுவதற்கென்று ஒரு மன்றத்தை வைத்திருந்தோம், அம்மன்றம் நிற்கவில்லை. அடுத்த முறை ஒரு மன்றத்தை அமைக்க முற்படுவோர், கட்டடத்தையும் ஆசனங்களையும் பற்றிச் சிந்திக்குமுன், அவ்வாசனங்களில் அமர்வோரை அனுப்பப்போகிறவர் எவரென்பதைச் சிந்திப்பாராக.